நாற்பத்தொன்றாம் டோக்கன்

இருபத்தாறு வருடங்களுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு நான் செத்துப்போனேன். அதற்குப் பிறகு இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றி, ஓய்வும் பெற்று, ஆலயத்தின் கடைசி பெஞ்சில் குறட்டையும் விடுகிறேன். செத்தவர்களில் இத்தனை சாதித்தவன் வேறு யாருமில்லை.

"ஆரம்பிச்சிட்டான்யா," என்றார் மேஸ்திரி.

ஆராதனை முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். முழங்கால் விடாததால் நானும் என் பழைய மேஸ்திரியும் மட்டும் மிச்சம். அன்று பிரசங்கம், மலைமேல் மகனுக்குப் பதிலாகப் பலியான ஆட்டுக்கடாவைப் பற்றி. போதகர் தப்பித்த மகனைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். கடாவுக்கு ஒரே வரி. எனக்கு அந்தக் கடாவைத் தெரியும். பட்டப்பெயர் ஒட்டகம். கழுத்து அவ்வளவு நீளம்.

நாங்கள் மூவரும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தோம். அங்கே இரண்டு கொதிகலன்கள். ஒவ்வொன்றும் மூன்று மாடி உயரம்.

"ஒன்றரை ஆள் உயரம்," என்றார் மேஸ்திரி.

மாதம் ஒருமுறை ஒன்றை ஆறவைத்து, ஒருவர் உள்ளே இறங்கி உப்புப் படிவைச் சுரண்ட வேண்டும். இறங்குகிறவர் தன் எண் பொறித்த பித்தளை டோக்கனை வெளியே கொக்கியில் மாட்டிவிட்டு இறங்குவார். டோக்கன் தொங்கிக்கொண்டிருக்கும்போது நீராவியைத் திறக்கக் கூடாது.

அன்று என் முறை. மனைவி பிரசவம் சிக்கலாகி மாடியில் கிடந்தாள். நாற்பது ராத்திரி நான் கண்ணை மூடவில்லை.

"நாலு."

"ஆண்டவர் பாத்துப்பார், நீங்க வேலைக்குப் போங்க," என்று அனுப்பிவிட்டாள். பார்த்துக்கொள்கிறவர் கொஞ்சம் சீக்கிரம் பார்க்கக் கூடாதா என்று முனகிக்கொண்டே வந்தேன். நின்றபடியே தூங்கி விழுந்த என் கையிலிருந்து டோக்கனைப் பிடுங்கினான் ஒட்டகம்.

"உன் டோக்கன் தொங்கலன்னா மேஸ்திரி சீட்டக் கிழிச்சிருவாரு. நான் இறங்கறேன். நீ போய்ப் படு, மாப்ள."

"அந்த ஓட்டையில நீ நுழைவியா?"

"ஊசிக் காதுலயே நுழையப் பாக்கறவன்டா நான்!"

துணிமூட்டை மேல் விழுந்தவனைக் கொதிகலனுக்குள்ளிருந்து வந்த சத்தம் எழுப்பியது. அந்தச் சத்தத்தை மட்டும் நான் பெரிதாக்கிச் சொல்வதில்லை.

எழுந்து ஓடினேன். கொக்கி காலியாக இருந்தது. 'டோக்கன் மாட்டாமல் இறங்கினான், அவனுடைய கவனக்குறைவு' என்று விசாரணையில் மேஸ்திரி சொன்னார், அப்படியே எழுதினார்கள். தூங்கினவன் சொல் அம்பலம் ஏறவில்லை. அன்று சாயங்காலம் மகள் பிறந்தாள். "பாத்தீங்களா, பாத்துக்கிட்டாரு," என்று மனைவி சிரித்தாள். அவளுக்கு அப்போது எதுவும் தெரியாது.

என் ஒரு ஆயுளைத் தள்ளுவதே பெரும்பாடு. இருபத்தாறு வருடமாக அவனுடையதையும் சேர்த்து வாழ்கிறேன், அலுத்துவிட்டது. எனக்காக இறங்கியவனைக் கவனமில்லாதவன் என்று எழுதிய அந்த ஒரு வரி அழிந்தால் போதும், இரண்டாம் முறை நிம்மதியாகச் சாவேன்.

"கொக்கியில டோக்கன் இருந்துச்சு, மேஸ்திரி."

"இல்லைன்னு எத்தனை தடவைய்யா சொல்றது?"

"இருந்துச்சு. இருபது டோக்கன்! காத்துல ஆடி ஆடி மணி மாதிரி அடிச்சுது. தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு..."

மேஸ்திரி கைத்தடியைத் தரையில் ஓங்கிக் குத்தினார்.

"வாயத் திறந்தா இருபதா? ஒண்ணே ஒண்ணுதான்யா தொங்குச்சு!"

நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அதுவே முதல் முறை.

அவர் தடியின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாப்பத்தொண்ணு. உன்னோடது. நீ மூட்டை மேல வாயப் பொளந்துகிட்டுக் கிடந்த. டோக்கன மாட்டிட்டு இவன் டிமிக்கி குடுக்கறான், உள்ள யாருமில்லன்னு நெனச்சேன். நான்தான் கழட்டினேன். திறக்கச் சொன்னதும் நான்தான்."

"அப்ப ஒட்டகம்...?"

"அவன் மேல தப்பில்லய்யா. ஒழுங்கா மாட்டிட்டுத்தான் இறங்கினான். உன் டோக்கன, உனக்குப் பதிலா."