சலாலாவில் ஒரு வெள்ளிக்கிழமை

துபாயிலிருந்து ஒரு பகல் முழுக்கப் பாலைவனத்தில் கார் ஓட்டிக்கொண்டு ஜனங்கள் சலாலாவுக்கு வருவது தூறலில் நனையத்தான். ராதிகா வந்தது ஒரு பானைத் துண்டைப் பார்க்க.

அதை வாய்விட்டுச் சொன்னதும் காரில் ஒரே சிரிப்பு. கணவன் கௌரிசங்கரின் அலுவலக நண்பர் உமாபதி, "உடைஞ்ச பானைக்கா இத்தனை தூரம், சிஸ்டர்? எங்க வீட்ல பானு வாரத்துக்கு ஒண்ணு உடைக்கிறா, வந்து பாருங்க" என்றார். பக்கத்திலிருந்த மனைவி பானுப்பிரியா அவர் தோளில் ஒரு அடி வைத்தாள்.

இந்தப் பக்கத்துப் பழைய துறைமுகம் ஒன்றைத் தோண்டியபோது, தமிழ் எழுத்தில் பெயர் கீறிய பானைத் துண்டு கிடைத்ததாக ராதிகா படித்திருந்தாள். தொல்லியலில் எம்.ஏ. முடித்தவள். துபாயில் அவள் இருப்பதே கணவனின் விசாவில்தான். கடல் தாண்டி வந்த எவனோ ஒருவன், இது என்னுடையது என்று தன் பானையில் கீறி வைத்திருக்கிறான். அந்தக் கீறலைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அது சலாலா அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறதென்று யாரும் சொல்லவில்லை, அவளாக நம்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை என்று திட்டம் போட்டதும் அவள்தான். கேட் பூட்டியிருந்தது. சாயங்காலம்தான் திறப்போம் என்று காவலாளி இந்தியில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"துபாய்ல லீவு சனி, ஞாயிறுன்னு மாறினதும் நமக்கு வெள்ளிக்கிழமையே மறந்துபோச்சு பாருங்க," என்றார் உமாபதி. "ஓமன்காரன் மாத்தலையே!"

"கலாஸ், விடு. மலைக்குப் போய்ச் சமையலை ஆரம்பிப்போம். நாளைக்குப் பார்த்துக்கலாம்," என்றான் கௌரிசங்கர்.

"நாளைக்கு விடியறதுக்குள்ள கிளம்பணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அப்போ அடுத்த வருஷம் வந்தா போச்சு."

அவளுடைய டிரைவிங் லைசென்ஸ், அவள் தேட வேண்டிய வேலை, எல்லாம் அந்த அடுத்த வருஷத்தில்தான் குவிந்து கிடந்தன.

"நீங்க போங்க. நான் இங்கேயே இருக்கேன்."

"இந்தத் தூறல்லயா?"

"தூறலுக்குத்தானே வந்தோம்?"

அவன் முகம் சுண்டியது. கார் போய்விட்டது.

எதிரே இளநீர்க் கடைக் கூரையடியில் ஒதுங்கினாள். அந்தத் தூறல் ஒழுங்காக நனைக்கவும் இல்லை, விடவும் இல்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைக்கத் துடைக்கப் புகைமூட்டம். முதலில் அவன் மேல் கோபம் வந்தது. பிறகு, கிழமையைக்கூடச் சரிபார்க்காத தன் மேல். அதற்கும் பிறகு, இவ்வளவு கோபத்திலும் மலையில் அரிசியை யார் ஊறப் போட்டிருப்பார்கள் என்று யோசிக்கிற தன் மனத்தின் மேல். கைக்குட்டைக்காகப் பையைத் துழாவியபோது உப்புப் பொட்டலம் கையில் தட்டுப்பட்டது. காய்கறிப் பை கிழிந்தபோது இதில் போட்டிருக்கிறாள்.

பகல் எப்படியோ நகர்ந்தது. தொலைபேசி அடித்தது. கௌரிசங்கர்தான்.

"விறகெல்லாம் ஈரம், இப்பதான் அடுப்பே பத்துச்சு. உப்பை எங்க வச்சே?"

"என் பையில."

"நெனச்சேன்! வர்றேன். ரெடியா நில்லு, அப்படியே ஏறிக்கலாம்."

கார் வந்து நின்றபோது காவலாளி பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். ராதிகா ஜன்னல் வழியே பொட்டலத்தை நீட்டினாள்.

"ஏறு ராதிகா. அங்க எல்லாரும் பசியோட இருக்காங்க."

"உப்பு குடுத்துட்டேனே. இருட்டினதும் வாங்க."

அவன் ஹாரனை ஒருமுறை அழுத்தினான். அவள் திரும்பவில்லை.

உள்ளே ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியாகக் குனிந்து பார்த்தாள். கப்பல்கள், சாம்பிராணிக் கட்டிகள், நாணயங்கள், பானைகள். தமிழ் எழுத்துள்ள பானை எதுவும் இல்லை. கடைசி அறையில் பணியாளரிடம் போனில் அந்தப் பானைத் துண்டின் படத்தைக் காட்டினாள். உற்றுப் பார்த்துவிட்டு, "மாஃபி" என்றார். இல்லையாம்.

உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஹாரன் சத்தம் எதுவும் கேட்கவில்லை. முதல் அறைக்கே திரும்பிப் போய், மறுபடி முதல் பெட்டியிலிருந்து பார்க்கத் தொடங்கினாள்.