கரை முட்டிய உப்பேரி

விருத்தாம்பாள் கீரப்பாளையத்துப் பெண். நெல் விளைகிற ஊரில் பிறந்தவளுக்கு ஏரி என்றால் தளும்பத் தளும்ப இருக்க வேண்டும். வாழ்க்கைப்பட்டதோ கிள்ளைக்குக் கிழக்கே, உப்பேரிக் கரையில். அங்கே கணுக்கால் அளவு உப்புத் தண்ணீரும் சேறும்தான். அந்தச் சேற்றைக் கையால் துழாவி, இறால் பிடித்துத்தான் பதினெட்டு வருஷமாகக் குடும்பம் நடத்தினாள். நடுவில் வார்டு மெம்பரும் ஆனாள்.

2009 தை மாதம், ஏரியை இறால் பண்ணைக்குக் குத்தகை விடப்போவதாகப் பேச்சு வந்தது. பண்ணை வந்தால் சுற்றிலும் கம்பி வேலி. துழாவுகிற பெண்களுக்குப் பிழைப்பு கிடையாது. தப்பிக்க ஒரே வழி உள்ளான் குருவிகள். குளிர்காலத்தில் எங்கிருந்தோ ஆயிரக்கணக்கில் வந்து அந்தச் சேற்றைக் கொத்துகிறவை அவை. அதிகாரி ஒருவர் அவற்றைக் கண்ணால் பார்த்து எழுதிவிட்டால் ஏரியை யாரும் தொட மாட்டார்கள் என்றார்கள். மனு மேல் மனு போட்டு அவரை வரவழைத்தவளே விருத்தாம்பாள்தான்.

அவ்வளவு தூரம் வருகிற மனிதருக்கு வெறும் சேற்றையா காட்டுவது? அவளுக்கு மானம் போகிற மாதிரி இருந்தது. விடிந்ததும் மதகைத் திறந்து, கடலோடு ஏறி இறங்குகிற உப்பங்கழித் தண்ணீரை உள்ளே விடச் சொன்னாள். கொழுந்தன் அய்யனார் தலையைச் சொறிந்தான்.

"குருவிக்குக் காலு குட்டையாச்சே அண்ணி."

"குருவி தெனம் வருது. அவுரு ஒரு நாளுதான் வர்றாரு."

மெம்பர் பேச்சைத் தட்ட வேண்டாமென்று திறந்துவிட்டான்.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. ஏரி கரையை முட்டிக்கொண்டு நின்றது. அதிகாரி பைனாகுலரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இரண்டு முறை ஓட்டினார். தெரிந்தது ஓர் எருமை. நேற்றுவரை நிறைய இருந்தன என்று விருத்தாம்பாள் மூன்று தடவை சொன்னாள். அவரும் மூன்று தடவை தலையாட்டினார். இளநீர் குடித்துவிட்டு, எழுதியதை அவளுக்குப் படித்தும் காட்டினார்: பறவைகள் இல்லை. நீர்வளம் மிக நன்று. இறால் வளர்ப்புக்கு ஏற்றது.

"ஏரிய நல்லா வச்சிருக்கீங்கம்மா" என்றுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மூன்று மணிக்குக் கழி வடிந்தது. வந்த தண்ணீர் மதகு வழியே திரும்பிப் போயிற்று. சேறு தெரிந்ததும் உள்ளான்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. விருத்தாம்பாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே புடவையை வரிந்து கட்டி, கூடையோடு சேற்றில் இறங்கினாள். தினமும் செய்கிற மாதிரி, குருவிகள் நாலடி தள்ளிப் போய் அவளுக்கு இடம் விட்டன.