மாடு மேய்ந்த பாய்

சதுரங்கப்பட்டினத்திலிருந்து கரையோரமாகவே நாகப்பட்டினம் வரை பாய்மரப் படகில் போயே தீருவது என்று, உத்திரமேரூரின் ஓய்வுபெற்ற தபால்காரர் வேதகிரி முடிவு செய்துவிட்டார். கொல்லையில் படகைக் கட்டி முடித்தார். கடலில் குமட்டக் கூடாதென்று ஒரு மாதம் ஊஞ்சலில் ஆடிக்கொண்டே சாப்பிட்டார். அவர் ரசம் தெறிக்காத சுவர் அந்தத் தெருவிலேயே இல்லை.

மனைவி உண்ணாமலை ஒரே நிபந்தனை போட்டாள்.

"மொதல்ல நம்ம உத்திரமேரூர் ஏரியக் கவுந்து போவாம தாண்டிக் காட்டுங்க. அப்பால கடலுக்குப் போங்க."

இரண்டு முறை கவிழ்ந்தார். ஏரிக் கெண்டைகள் நலம் விசாரிக்கும் அளவுக்குப் பழகிவிட்டன. பாய் தொளதொளவென்று இருப்பதுதான் குற்றம் என்றான் லுங்கி நெய்யும் மைத்துனன் பாண்டுரங்கன். தறியில் பாவு நூலுக்குப் போடுவதுபோல அதற்கும் அரிசிக் கஞ்சி போட்டு, விறைப்பாக்கி, கொல்லை வேலியில் காயவைத்தான்.

காலையில் பார்த்தால், பாயில் பாதி வீட்டுப் பசுவின் வயிற்றில் இருந்தது.

"வேற பாய் நெய்ஞ்சிக்கினு வரட்டுமா மாமா?"

"வாணாம்டா. காத்து நல்லா கீது, பாய்மரமும் கீது. மாடு வுட்டத எடுத்துக் கட்டு."

அன்று வாடைக்காற்று பனைமரங்களைத் தோப்புக்கரணம் போடவைத்தது. ஆனால் பாதிப் பாய் காற்றை அளவாகத்தான் பிடித்தது. படகு சாயாமல் போய், எதிர்க்கரையைத் தொட்டுத் திரும்பியது.

கரையில் உண்ணாமலை பசுவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"சொன்ன சொல்லு சொன்னதுதான், போய்ட்டு வாங்க. ஆனா கடல்ல காத்து இன்னும் ஜாஸ்தியானா பாய யாரு மேயறது? இதயும் ஏத்திக்கினு போங்க."

வேதகிரி வைக்கோலுக்குப் படகில் இடம் அளக்க ஆரம்பித்தார்.