மூன்று புள்ளி

ரோசம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு சட்டையின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தால் அது எந்தத் தெருத் துணி என்று சொல்லிவிடுவாள். துவைத்தாலும் போகாத சேங்கொட்டைப் பாலால் அவளே வைத்த வண்ணான் குறிகள். வெளுத்தது எட்டுத் தெருவுக்கு. தெருவுக்கு ஒரு குறி. மூன்று புள்ளி என்றால் மில் தெரு. அவள் குடியிருந்ததும் அங்கேதான்.

1958 மார்கழியில் மகள் ரோசரி மூன்றாம் முறையாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஐந்து வயது. மூச்சு இழுப்பு. டாக்டர் கியாசுதீன் எல்லாத் தாய்மார்களிடமும் சொல்வதையே சொன்னார்: பிள்ளையைக் காவிரியில் குளிக்க வைக்காதீர்கள். ரோசம்மாள் ஐப்பசியிலேயே நிறுத்தியிருந்தாள்.

கை சும்மா இருக்கப் பழகாதது. வார்டுப் பிள்ளைகளின் அழுக்குத் துணிகளை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். முதல் சட்டையில் மூன்று புள்ளி. அடுத்ததிலும். இழுப்போடு கிடந்த பதினான்கு பிள்ளைகளில் பதினொரு பேருக்கு மூன்று புள்ளி.

காய்ந்ததும் டாக்டரின் மேஜையில் பரப்பினாள்.

"எல்லாம் எங்க தெருங்க. நெல் மில்லு உமிய எரிக்கிற தெரு. அங்க காயப்போட்டா ரெண்டாந்தரம் அலசணும், அவ்வளவு கரி. மத்த ஏழு தெருப் பிள்ளைங்களும் அதே ஆத்துலதான் குளிக்குது."

டாக்டர் இரண்டு வருட அட்மிஷன் நோட்டுகளை எடுத்து முகவரிகளைப் பார்த்தார். பெரும்பாலும் மில் தெரு.

"நான் ஆத்தைப் பழிச்சுக்கிட்டு இருந்திருக்கேம்மா."

அவர் எழுதிப்போட, நகராட்சி சுகாதார அதிகாரி வந்தார். துணிகளைப் பார்த்துச் சிரித்தார்.

"சட்டையில இருக்கிற புள்ளிய நம்பி மில்லுல கை வைக்கச் சொல்றீங்களா டாக்டர்?"

ரோசம்மாள் குறுக்கே பேசினாள்.

"நீங்க போட்டிருக்கிறதும் நான் வெளுத்ததுதாங்க. கழுத்தத் திருப்பிப் பாருங்க, ரெண்டு கோடு இருக்கும். ரெண்டு கோட்டுப் பிள்ளை ஒண்ணுகூட இந்த வார்டுல இல்லீங்க."

அதிகாரியின் கை தானாகவே பின்கழுத்துக்குப் போனது. சட்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை. நோட்டைக் கேட்டு வாங்கினார்.

சித்திரையில் மில் புகைபோக்கியை இருபதடி உயர்த்தினார்கள். திறந்தவெளியில் உமி எரிப்பது நின்றது.

அடுத்த மார்கழியில் யாரும் கூப்பிடாமலே ரோசம்மாள் வார்டுக்கு வந்தாள். பிள்ளைகளின் துணிகளை வாங்கி ஒவ்வொரு கழுத்தாகத் திருப்பினாள். மூன்று புள்ளி வைத்த சட்டைகள் இரண்டே இரண்டு.

துணி மூட்டையை அவளோடு வந்த ஆறு வயதுச் சிறுமி தலையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் ஓடி இறங்கினாள். மூச்சு வாங்கவில்லை. அடையாளம் தெரியாமல், யார் பிள்ளை என்று டாக்டர் கேட்டார்.

"மூணு புள்ளிங்க" என்றாள் ரோசம்மாள்.