ஆர்மாஸ் தன் கோழிகளைக் குளிக்க வைத்த கதை

எங்கள் ஊரில் நவம்பர் கடைசியில் போகிற சூரியன் ஜனவரியில்தான் திரும்பும். மனிதர்கள் காப்பி குடித்துச் சமாளித்துவிடுவோம். கோழிகளுக்குக் காப்பி ஒத்துக்கொள்வதில்லை. முட்டையிடுவதை நிறுத்திவிடும்.

பக்கத்து வீட்டு ஆர்மாஸுக்கு இதனால் பெரிய ஆபத்து வந்தது. வியாழக்கிழமை என்றால் இங்கே எல்லார் வீட்டிலும் பட்டாணி சூப்பும் முட்டை அப்பமும்தான். ஏரிக்கு அக்கரையில் தனியாக இருக்கும் சைமி வீட்டு அப்பத்துக்கு முட்டை ஆர்மாஸுடையது. அதனால் அவள் மேசையில் ஜன்னலோர நாற்காலியும் அவனுடையது. அதில் இன்னும் சில வியாழன் உட்கார்ந்தால் கல்யாணப் பேச்சை எடுத்துவிடலாம் என்று இருந்தான்.

அந்த நேரம் பார்த்து முட்டைக் கூடை காலியானது. அதே நாற்காலியில் கண் வைத்திருந்த மரக்கடை ரெய்னோவுக்குச் சேதி எட்டிவிட்டது.

"என்ன ஆர்மாஸு, உன் கோழிங்க பென்ஷன் வாங்கிடுச்சாமே?"

"ரெஸ்ட்ல இருக்குதுங்க. உன் வாய்க்கும் கொஞ்சம் குடு."

"நான் கடையில முட்டை வாங்கிட்டேன். வியாழக்கிழமை பாப்போம்."

நான்தான் யோசனை சொன்னேன். "வெளிச்சம் பத்தலைப்பா. கோழிக்குப் பகல் நீளமா இருந்தாத்தான் முட்டை. கூண்டுல ஒரு பல்பு மாட்டு."

அவன் டிராக்டர் விளக்கைக் கழற்றி மாட்டினான். ஹெல்சிங்கி போகிற விமானம் ஒன்று தாழ்ந்து வந்து விசாரித்துவிட்டுப் போனது. கோழிகளும் கோடை வந்துவிட்டது என்று குதித்துக்கொண்டு வெளியே வந்தன. சுற்றிச் சுற்றிப் பார்த்தன. ஒரு கொசுகூட இல்லை. கொசு இல்லாத கோடையை எங்கள் ஊரில் யார் நம்புவார்கள்? மறுபடி உள்ளே போய்த் தலையை இறக்கைக்குள் செருகிக்கொண்டன.

"அதுங்களுக்குக் குளிருதுய்யா, அதான்" என்றான் ஆர்மாஸ். எங்களுக்கு எந்த உபாதை வந்தாலும் சௌனாவில் கல்லைச் சூடாக்கி, நீர் ஊற்றி, ஆவியில் உட்கார்ந்துவிடுவோம். புதன்கிழமை கோழிகளையும் உட்கார வைத்தான்.

நான் நேரில் பார்த்தேன். அதனால் கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. மூத்த கோழி மேல் பலகையில் ஏறிக்கொண்டது. இளசுகள் மரியாதையாகக் கீழ்ப் பலகையில். ஆர்மாஸ் கல்லில் நீர் விட்டதும் மூத்தது கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டது பாருங்கள், அப்படியே என் மச்சினன். யாரும் கொக்கரிக்கவில்லை. சௌனாவில் சத்தம் போடக் கூடாது என்று அவற்றுக்கு யார் சொன்னார்களோ. பிறகு எல்லாம் வெளியே ஓடிப் பனியில் புரண்டு, திரும்பி வந்து, வரிசையாக முட்டையிட்டன. ஆர்மாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆவி என்று சொன்னான்.

வியாழன் அவனோடு நானும் போனேன். ஜன்னலோர நாற்காலியில் ரெய்னோ உட்கார்ந்திருந்தான், மடியில் கடை முட்டை. ஆர்மாஸ் கூடையை மேசையில் வைத்தான். சைமி ஒரு முட்டையைக் கிண்ண விளிம்பில் தட்டினாள். ஒன்றும் ஒழுகவில்லை. உரித்தாள். வெந்திருந்தது. அடுத்ததும் அப்படியே. கூடை முழுக்க அப்படியே.

"கோழியவே அடுப்புல வெச்சியா?" என்றான் ரெய்னோ.

"சௌனாவுல" என்றான் ஆர்மாஸ். முகம் செத்துப்போயிருந்தது.

சைமி யோசித்தாள். "எத்தனை டிகிரி?"

"எம்பது."

"பனியில பொரள விட்டீங்களா?"

"அதுங்களே பொரண்டுச்சுங்க."

"அதான் இவ்ளோ சுலபமா உரியுது." அவள் முட்டைகளை வெண்ணெயோடு பிசைந்தாள். கம்பு மாவில் அரிசிக்கஞ்சி வைத்துச் சுட்ட, சூடான கரேலியப் பணியாரங்களைத் தட்டில் அடுக்கி, மேலே தாராளமாகத் தடவினாள். "வாராவாரம் அப்பம் சுட்டு எனக்கே அலுத்துப்போச்சு. நான் பொறந்த ஊர்ப் பலகாரம் செய்யலாம்னா, முட்டை அவிச்சு உரிக்கணுமேன்னு ஒரே சோம்பல்."

பிறகு திரும்பினாள். "ரெய்னோ, உங்க முட்டைய எடுத்துட்டுப் போயிடுங்க. பச்சையா இருக்கு."

ரெய்னோ எழுந்தான். ஆர்மாஸ் உட்கார்ந்தான். நாலாவது பணியாரம் வாயில் இருக்கும்போது சைமி சொன்னாள்:

"நம்ம கல்யாணத்துக்கு முந்தின நாளும் அதுங்களைக் குளிப்பாட்டிடுங்க. என் பக்கத்துக் கூட்டம் நெறைய வரும்."

ஆர்மாஸ் மென்றான். விழுங்கினான். ஏரியைப் பார்த்தான்.

"சரி" என்றான்.

எங்கள் பக்கத்தில் அது நீளமான பேச்சு.