நாலு மணிக்குள் கொஞ்சம் இடம்

கல்முனையிலிருந்த அந்தக் கல்விச் சங்கத்தின் இணையச் சேமிப்பிடம் நிரம்பிவிட்டது. அதுவும் நாள் பார்த்து, விண்ணப்பம் முடிகிற அன்றைக்கு. சாய்ந்தமருது மீனவர் வீட்டுப் பிள்ளை ஸுஹைறாவின் சான்றிதழ்கள் உள்ளே ஏறவே மாட்டேன் என்றன. நாலு மணிக்கு வெளிநாட்டுக் கொடையாளர்கள் அதிலுள்ள விண்ணப்பக் கோப்புறையைப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் ஏறியவர்களுக்குத்தான் தாதியர் படிப்புக்கான உதவி. தவறினால் அவள் படிப்பு அம்போ.

செயலாளர் றுஸ்னா திறந்து பார்த்தாள். அடேயப்பா, எல்லாம் பொன்னாடைப் படங்கள்! சங்கத்தில் யாருக்குப் பொன்னாடை போர்த்தினாலும் நிர்வாகிகள் ஆளாளுக்குக் கைப்பேசியில் பிடித்து ஏற்றிவிடுவார்கள். ஒருவருடையதை விட்டால் மறுநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். தொலைபேசியில் கேட்டபோது அழிக்க எல்லாருக்கும் சம்மதம்தான், மற்றவர்களுடையதை.

இனி ஒருவரையும் கேட்பதில்லை என்று அபாயாக் கையை மடித்துவிட்டு அழிக்கத் தொடங்கினாள். அழித்தவை குப்பைத்தொட்டிக்குப் போயின. தொட்டியையும் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும். ஆனால் தொட்டிக்குப் போனவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பொருளாளர் ஹாதிக் வீட்டிலிருந்தபடியே மீட்டுக்கொண்டிருந்தார். இவள் தள்ள, அவர் தூக்க, றுஸ்னாவுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. தள்ளிய கையோடு தொட்டியைக் காலி செய்துகொண்டே போனாள்.

அப்படியும் போதவில்லை. மிச்சமாய் நின்றது தலைவர் மசூர் ஹாஜியாரின் ஹஜ் வழியனுப்பு வீடியோ, மலை மாதிரி. அவள் அதில் கை வைப்பதற்குள் ஹாதிக் வத்தி வைத்துவிட்டார். ஹாஜியாரே வந்து பக்கத்தில் நின்றார். அவர் நினைத்தால் இன்றைக்கே அவளை வேலையிலிருந்து நிறுத்தலாம்.

"அது மட்டும் வேணாம் புள்ள. நான் ஹஜ்ஜுக்குப் போனது அது."

போனால் போகட்டும் இந்த வேலை என்று றுஸ்னா நிமிர்ந்தாள்.

"அல்லாஹ் உங்கட்ட வீடியோ கேக்கமாட்டான் ஹாஜியார். ஸுஹைறாட்ட சேட்டிபிகேட் கேக்குறாங்க."

ஹாஜியாரின் முகம் சுண்டிப்போனது. கைப்பேசியை எடுத்தார்.

"ஹாதிக், இனி ஒண்டையும் மீட்காத. என்டத நானே அழிக்கிறன்."

குனிந்து, எதை அழுத்துவதென்று கேட்டு, தானே அழுத்தினார். தொட்டியையும் அவரே காலி செய்தார்.

சான்றிதழ்கள் ஒவ்வொன்றாக ஏறின. நாலு மணிக்கு முன்னே கடைசியும் ஏறிய கையோடு ஸுஹைறா தொலைபேசியில் அழைத்தாள். வந்துவிட்டதா என்று கேட்பதற்குள் அவள் குரல் உடைந்தது. றுஸ்னா கைப்பேசியை ஹாஜியாரிடம் நீட்டினாள்.

"வந்திட்டு மகள்," என்றார் அவர். "நான் என்ட கண்ணால பாத்துட்டன்."