பல்லி கழற்றிய பிளக்

என் அறைச் சுவரில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருந்தது. எனக்கு முன் அங்கே சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்று நடந்தது. அவர்களுடைய கம்ப்யூட்டர் தலைமை அலுவலகத்தோடு பேசுவதற்கென்றே தனியாக இழுத்த செம்புக் கம்பி லைன் அது. நாலு கம்பி, இரண்டு அனுப்ப, இரண்டு வாங்க. ஜோடி ஜோடியாக முறுக்க வேண்டும், ஒரு ஜோடி இன்னொன்றோடு கலக்கக் கூடாது என்று விதியே உண்டாம். என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு நிபந்தனை போடவில்லை.

காலி செய்தவர்கள் லைனை ரத்து செய்ய மறந்து, பெட்டியில் ஒரு குட்டி பிளக்கைச் செருகிவிட்டுப் போனார்கள். வந்த சிக்னலை அது அப்படியே திருப்பி அனுப்பும். டெலிபோன் ஆபீஸ் கன்ட்ரோல் ரூமில் பச்சை விளக்கு எரியும். இங்கே ஆள் இருப்பதாக அர்த்தம்.

ஒருநாள் தூசி தட்டும்போது பிளக் கையோடு வந்துவிட்டது. உடனே டெலிபோன் அடித்தது. அதுவும் கம்பெனி விட்டுப்போனதுதான். அதற்கு அடிக்கத் தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"கன்ட்ரோல் ரூம்லேர்ந்து பேசறேன் சார். உங்க லைன்ல சிவப்பு எரியுது. என்ன ஆச்சு?" பெண் குரல்.

"பல்லிம்மா. பிளக்கைக் கழட்டிட்டு பொந்துக்குள்ள தலையை விட்டுப் படுத்திருக்கு. குண்டுப் பல்லி. கொட்டாவி விட்டா ஃபேன் வேண்டாம்."

சிரித்துவிட்டாள். பிளக்கைச் செருகினேன்.

"பச்சை வந்துடுச்சு. வெச்சுடறேன் தாத்தா."

அன்று முதல் பல்லிக்கு அதுவே வழக்கமாகிவிட்டது. தினமும் நான் முகம் கழுவி வந்ததும் கழற்றும். அதற்குச் சளி பிடித்த வாரம் ஒரு எலி பொறுப்பேற்றுக்கொண்டது. எலி, வாங்கும் கம்பியை மட்டும்தான் கடிக்கும்.

"ஏன் தாத்தா அப்படி?"

"அதுக்குப் பேச ஒண்ணுமில்லம்மா. யாராவது பேசினா கேக்கணும், அவ்வளவுதான்."

"எலியை விசாரிச்சேன்னு சொல்லுங்க," என்றாள்.

பிறகு ஒரு காலையில், "அந்த லைனை எடுக்கச் சொல்லிட்டாங்க தாத்தா. ஆள் வருவார்," என்றாள்.

"பல்லி ஒத்துக்காதே."

"என் கையில இல்லையே."

லைன்மேன் வந்தார். பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன பெரியவரே, இப்படித் தேஞ்சிருக்கு?"

"பல்லி வேலை."

"கட்டைவிரல் ரேகைகூட விழுந்திருக்கே?"

"அதுக்குக் கையெழுத்துப் போட வராது."

நாலு கம்பியையும் நறுக்கினார். உட்காரச் சொன்னேன், வேலை கிடக்கிறது என்றார். பெட்டி போயிற்று. பிளக்கை மட்டும் என்னிடமே விட்டுவிட்டார்.

மறுநாள் முகம் கழுவி வந்தேன். சுவரில் நாலு ஆணித் துளை. பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு டெலிபோனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அது அடிக்கவில்லை. கடைசியில் நானே புகார் நம்பரைச் சுழற்றினேன். அவளேதான் எடுத்தாள்.

"பல்லி கேக்கச் சொல்லுச்சும்மா. அங்க பச்சை எரியுதா, சிவப்பு எரியுதா?"

"அந்த இடத்துல விளக்கையே கழட்டிட்டாங்க தாத்தா."

"கழட்டினது உங்க ஆபீஸ் பல்லியா?"

சிரித்தாள். அதற்குள் அவள் பக்கம் ஏதோ மணி அலறியது.

"வேற எங்கேயோ லைன் விழுந்துடுச்சு. வெச்சுடறேன் தாத்தா."

"அங்க பல்லி இருக்கான்னு கேட்டுப் பாரும்மா," என்றேன்.

அதற்கு முன்பே வைத்துவிட்டிருந்தாள்.